நேற்றைய வெயிலில் ஒரு வெந்நீர்க் குளியல்

சரவணா,

நம் மல்லேஸ்வரம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடுகிற தீபாவளி மலருக்கு இந்த வருஷம் நானும் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். "கரண்ட்டப் பத்தி எழுதுங்க மேடம், நாலு பேருக்குப் புரியற மாதிரி" என்று வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன். எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அது உன்னோடு சண்டை போடுவதில்தான் போய் முடிகிறது. சரி, உனக்கே எழுதிவிடலாம், ஊரும் படித்துக்கொள்ளட்டும் என்று தீர்மானித்துவிட்டேன். நீ கூச்சப்பட ஒன்றும் இல்லை. போன தீபாவளி விடியற்காலையில் நம் அபார்ட்மென்ட்டில் உன்னைத் திட்டாதவர்கள் யாரும் கிடையாது. அவர்களுக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பொம்மனஹள்ளியிலிருந்து வந்திருந்தாய். அப்பா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். டெல்லியில் உனக்குக் கிடைத்திருக்கிற வேலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாய். சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் மேலும் மேலும் மின்சாரம் வந்து சேரப்போகிறது, அப்படிப்பட்ட ஒரு மின் கட்டமைப்பை, அதாவது கிரிட்டை, ஓட்டுவதற்கு எதையெல்லாம் முதலில் ஆராயவேண்டும், எதற்கு ஆளும் பணமும் ஒதுக்கவேண்டும் என்று சொல்லப்போகிற குழு அது. தீபாவளி கழிந்த வாரம் நீ அவர்கள் முன்னால் பேசவேண்டும். பேசப்போவதை ஒவ்வொன்றாக எங்களிடம் சொன்னாய். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த வீட்டு கீசர் விஷயம் என்னடா ஆச்சு?" என்றேன். "அத எடுத்துட்டேம்மா" என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "மனுஷங்கள நம்பி கிரிட் ஓட்ட முடியாதும்மா. மெஷின நம்பலாம்" என்றாய். அப்பா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப அடுத்த தோசைய மெஷின்கிட்டயே கேளு" என்றார். நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே நீ அடுத்ததையும் சொல்லிவிட்டாய். தீபாவளிக்கு நீ இருக்கமாட்டாய், முன்னாடியே கிளம்புகிறாய், டிக்கெட்டும் போட்டாயிற்று. "இந்த பில்டிங் மூஞ்சில அன்னிக்கு மறுபடி முழிக்க என்னால ஆகாதும்மா" என்றாய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒத்துக்கொண்டதாக நீ நினைத்திருப்பாய். இல்லையடா. கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவளுக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் போய்விடுகிறது. அங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் எங்கோ மலையடிவாரத்தில் ஒரு இயந்திரம் சுற்றும், அல்லது நிற்கும். அதனால் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இந்தத் தடவை யோசித்து முடிக்க ஒரு வாரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மலர் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மாநிலம் முழுக்க யாருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், யார் எவ்வளவு உற்பத்தி செய்கிறார்கள் என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அறை இந்த ஊரில் இருக்கிறது. லோடு டெஸ்பேட்ச் சென்டர் என்பார்கள், ஊர் கேட்கிற மின்சாரத்தைத்தான் லோடு என்போம். போன வருஷம் ஓய்வு பெறும் வரை அங்கே ஷிப்ட் பார்த்தவள் நான். மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. நீங்கள் சுவிட்சைப் போடுகிற அதே நொடியில் அது எங்கேயோ பிறந்தாகவேண்டும். கேட்பதும் கொடுப்பதும் சமமாக இருந்தால் அந்த அறைச் சுவரில் அதிர்வெண்ணைக் காட்டுகிற எண் ஐம்பதில் நிற்கும். கேட்பது அதிகமானால் இறங்கும், கொடுப்பது அதிகமானால் ஏறும். என் பிழைப்பு முழுக்க அந்த ஐம்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். சரவணா, சின்னப் பையனாக இருந்தபோது நீ ராத்திரியில் எனக்குப் போன் போட்டு முதலில் கேட்பதே, "எத்தனைம்மா இருக்கு?" என்பதுதான். "ஐம்பதுதான் கண்ணு, நல்லா இருக்கு, தூங்கு" என்பேன். அம்மா பயப்படவில்லை என்பதை நீ அந்த எண்ணிலிருந்து தெரிந்துகொண்டாய். எத்தனையோ நாள் எண் கீழே கிடக்கும்போதும் நான் ஐம்பது என்றே சொல்லியிருக்கிறேன். அது இருக்கட்டும்.

நீ அந்தக் குழுவிடம் சொல்லப்போகிற விஷயங்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. அனல் மின் நிலையத்தில் சுற்றுகிற சுழலிக்கு யானைக் கனம் இருக்கிறது. கிரைண்டரில் சுவிட்சை அணைத்த பிறகும் கல் நாலு சுற்று சுற்றிவிட்டுத்தானே நிற்கிறது, அந்த மாதிரி அந்தக் கனம்தான் ஏதாவது ஒன்று திடீரென்று விழும்போது எங்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. சோலார் பேனலில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. அதன் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற இன்வெர்ட்டர், மற்றவர்கள் போடுகிற தாளத்துக்குப் பின்பாட்டு பாடுகிற ஆள். தானே தாளம் போடும் இன்வெர்ட்டர்களை எப்படிச் செய்வது, நூறு பேர் ஒரே நேரத்தில் தாளம் போட்டால் ஒருவரோடு ஒருவர் மோதாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீ கேட்கிறாய். கட்டாயம் ஆராயவேண்டிய கேள்வி. பாவகடா பக்கம் பேனல்கள் மேல் ஒரு மேகம் எப்போது வரும் என்பதை அரைமணி நேரத்துக்கு முன்னால் சொல்ல முடியுமா என்று கேட்கிறாய். மதியம் வேண்டாமல் கிடக்கும் மின்சாரத்தைக் கொண்டு அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துச் சாயங்காலம் இறக்குவது, பேட்டரிகளை எங்கே வைப்பது, கம்பியில் பழுது வந்தால் பழைய காவல் கருவிகள் அதைக் கண்டுபிடிக்குமா என்பது, எல்லாம் சரி. ஆடி மாதம் சித்ரதுர்கா மலையில் ராத்திரியெல்லாம் காற்று பேயாக அடிக்கும். ஊர் தூங்கும், வாங்க ஆள் இருக்காது. காற்றாலைக்காரர்களிடம் நிறுத்துங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். இலவசமாக வருகிறதை வேண்டாம் என்று சொல்லும்போது வயிறு எரியும். அந்த எரிச்சல் உனக்கும் வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் இந்த ஊரின் தொல்லை வேறு ஒன்று இருக்கிறது, அதை நம் வீட்டுக் குளியலறையிலிருந்தே நீ கண்டுபிடித்தாய். பெங்களூரில் விடிந்தும் விடியாத நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் கீசர் போடுகிறார்கள். சூரியன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கும், பேனலில் ஒன்றும் இருக்காது. மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த தனி வீடுகளுக்குக் கவலை இல்லை. நம்மைப்போல் நாலு மாடிக்காரர்களில் மேல் தளத்துக்கு மட்டும்தான் அந்தக் குழாய் எட்டுகிறது. எல்லாரும் கொஞ்சம் முன்னே பின்னே போட்டால் அந்தக் காலை நேரத் தேவை மலை தணிந்துவிடும் என்று நீ சொன்னாய். உன் ஆபீஸில் ஒரு சின்ன சோதனைக்கு அனுமதி வாங்கினாய். நம் அபார்ட்மென்ட்டில் வீடு வீடாகப் போய் கீசர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினாய். உன் லேப்டாப்பிலிருந்து அணைக்கலாம், போடலாம். அவசரமென்றால் வீட்டுக்காரர்களே போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் கீசர் ஓடும். பெரிய மனதோடு எல்லாரும் சம்மதித்தார்கள். உன்னை நிக்கர் போட்ட காலத்திலிருந்து பார்த்தவர்கள் அல்லவா.

முதல் நீண்ட சோதனைக்கு நாள் பார்க்கும்போதுதான் நாம் இருவரும் சேர்ந்து அந்தக் கூத்தைச் செய்தோம். தீபாவளி அன்று காலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை கீசர்களை அணைத்து வைப்பது என்று நீ குறித்தாய். என்னிடம் காட்டினாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நல்ல நாள்டா, லோடு கம்மியா இருக்கும்" என்றேன். இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த இருவருக்குத் தீபாவளி விடியற்காலையில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் என்பது ஞாபகம் வரவில்லை. உனக்கு எப்படி வரும்? உன் பள்ளிக்கூட வயதெல்லாம் தீபாவளியன்று நான் ஷிப்டில் இருந்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் லீவு கேட்பார்கள், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், ஏனென்றால் அன்றைக்குத் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், வேலை சுலபம். நான் வீட்டுக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகும். அப்புறம்தான் நமக்கு எண்ணெய், குளியல், புதுச்சட்டை எல்லாம். அதற்குள் தெருவில் மற்ற பையன்கள் பட்டாசைத் தீர்த்திருப்பார்கள். நீ பால்கனியில் நின்று எனக்காகக் காத்திருப்பாய். தீபாவளி என்றால் அமைதியான நாள், லோடு இல்லாத நாள் என்றுதான் இந்த வீட்டில் நீ கேட்டு வளர்ந்தாய். அப்பாகூட மற்றவர்களிடம், "எங்க வீட்ல தீபாவளின்னா லோடு கம்மின்னு அர்த்தம்" என்று கேலி செய்வார்.

அந்த வருஷம்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். முதல் தடவையாக, சரியான நேரத்தில், என் கையால் உனக்கு எண்ணெய் வைக்கப்போகிறேன் என்று முந்தின வாரத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சி வைத்தேன். நாலு மணிக்கு உன்னை எழுப்பி மணையில் உட்காரவைத்தேன். முப்பது வயது ஆன பிள்ளை, தலையில் பாதி முடி கொட்டிப்போயிருக்கிறது, இருந்தாலும் உன் உச்சியில் எண்ணெய் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ கவனிக்கவில்லை. உன் மடியில் லேப்டாப். "பாரும்மா, எவ்ளோ அழகா இறங்குது பாரு" என்றாய். நானும் எண்ணெய்க் கையோடு குனிந்து பார்த்தேன். திரையில் கட்டடத்து லோடு கோடு நிஜமாகவே அழகாக இறங்கிப் படுத்துக்கிடந்தது. நம் தலையில் எண்ணெய் இருந்தது. நம் கீசரும் அணைந்துதான் இருந்தது. இரண்டு இன்ஜினியர்களுக்கும் அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது காலிங் பெல் அடித்தது. முதல் மாடி சாரதம்மா நின்றார். தலை நிறைய வைத்த எண்ணெய் நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் இறங்குகிறது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் என்னைப் பார்க்கிறார். "ஏன்ரீ இது! தலெ தும்ப எண்ணெ! கீசர் ஆன் ஆகவே இல்ல! போன்ல ஒத்தி ஒத்தி வெரல் தேஞ்சு போச்சு!" என்றார் கன்னடமும் தமிழும் கலந்து. அவருக்குப் பின்னால் மாடிப்படியில் இன்னும் நாலு எண்ணெய்த் தலைகள். எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த அவசரப் பொத்தானை அமுக்கியதில் உன் சர்வர் திணறி நின்றுவிட்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்த்தாய், என் கையைப் பார்த்தாய், உன் தலையைத் தொட்டுப் பார்த்தாய். அப்போதுதான் உனக்கு உறைத்தது. பதறிப்போய் எல்லா வீட்டையும் ஒரே சொடுக்கில் திறந்துவிடப் போனாய். "ஒண்ணொண்ணா விடுடா! ஒண்ணொண்ணா!" என்று நான் கத்தினேன். கண்ட்ரோல் ரூமில் இருட்டிலிருந்து ஊரை மீட்கும்போது முதல் பாடமே அதுதான், காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக வாய் திறந்தால் தாங்காது. ஆனால் நீ அமுக்கிவிட்டாய். கட்டடத்து கீசர்கள் அத்தனையும் ஒரே நொடியில் ஓட ஆரம்பித்தன. கீழே மீட்டர் ரூமில் டப்பென்று ஒரு சத்தம். அதோடு எல்லாம் இருட்டு.

லைன்மேன் வரும்போது மணி எட்டு. அதுவரை நாலு மாடியும் பச்சைத் தண்ணீரில் குளித்தது. ஐப்பசிக் குளிரில், சீயக்காய் போட்டும் போகாத எண்ணெயோடு, பெரியவர்களும் குழந்தைகளும் நடுங்கிக்கொண்டு திட்டினார்கள். "உங்கம்மா லீவு போட்ட நாள்ல கூட இப்படி ஒரு பிளாக் அவுட் பாத்ததில்ல" என்று அப்பா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்னார். நீ சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டாய், அந்த வாரத்திலேயே எல்லாப் பெட்டிகளையும் கழற்றினாய். வாட்ஸ்அப் குரூப்பில் ரொம்ப நாள் உன்னை வைத்து ஜோக் ஓடியது. நீ அந்த குரூப்பிலிருந்து வெளியேறினாய். அதற்கப்புறம் நீ மனுஷர்கள் பக்கமே திரும்பவில்லை. இன்வெர்ட்டர் திட்டாது, அதன் தலையில் எண்ணெய் வழியாது. உனக்கு அது போதும் என்று ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே என்பதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. ஆறிவிடும் என்று நினைத்தேன். அது ஆறவில்லை, இறுகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோசைத் தட்டுக்கு முன்னால் உன் பேச்சில் அந்த இறுக்கத்தைத்தான் கேட்டேன்.

மனிதர்களை நம்பி கிரிட் ஓட்ட முடியாது என்று சொன்னாயே, நான் வேறு எதை நம்பி ஓட்டினேன் என்று நினைக்கிறாய்? ஷராவதி பக்கத்து நீர்மின் நிலையத்தில் ஒருவர் இருந்தார். பதினைந்து வருஷம் அவர் குரலைத்தான் தெரியும், முகம் தெரியாது. சாயங்காலம் சூரியன் இறங்குகிற வேகத்தில் பேனல்கள் கையை விரித்துவிடும், அதே நேரத்தில் ஊரெல்லாம் விளக்கு போடும். நான் போனை எடுத்து, "ஒரு மெஷின் பேக்கு சார்" என்பேன், ஒரு இயந்திரம் வேண்டும் என்று கன்னடத்தில். "ஆய்த்து மேடம், கொட்டே" என்பார். கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னால் கொடுத்துவிட்டார், நான் திரையைப் பார்க்கக்கூட மாட்டேன். ஷிப்ட் முடிகிறபோது அடுத்து வருகிறவர் வந்து, "நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். கணினி எல்லாம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அது ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொல்கிற வார்த்தை. அதற்கு மேல்தான் மற்ற எல்லாக் கருவிகளும் உட்கார்ந்திருந்தன.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தேன். போன தீபாவளிக்கு மறுவாரம் சாரதம்மா ஒருநாள் மாங்காய் ஊறுகாயோடு வந்தார். கோபமெல்லாம் போய் கிண்டல் வந்திருந்தது. உனக்குத் தெரியுமே, கன்னடக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் நீரு தும்போ ஹப்பா, தண்ணீர் நிரப்பும் பண்டிகை. அண்டா குடமெல்லாம் தேய்த்துக் கழுவி, நிறையத் தண்ணீர் நிரப்பி, பூ வைத்துப் பூஜை செய்துவிட்டு, மறுநாள் விடியலில் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பார்கள். "நாங்க முந்தின நாளே நீரு தும்பி வெச்சோம் ரீ. அன்னிக்கே காய்ச்சியும் வெச்சிருந்தா உங்க மகன் என்ன பண்ணியிருப்பான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மதியம் மாநிலத்தில் வெயில் மின்சாரம் வழிந்து கிடக்கிறது. அப்போது கீசரை ஒரு தடவை ஓட்டி அணைத்துவிட்டால், அந்த டாங்க் விடிகிற வரைக்கும் சூட்டைத் தாங்குமா? நீ குளிக்கிற நேரத்தைத் தள்ளச் சொன்னாய். குளிக்கிற நேரத்தைத் தொடவே வேண்டாம், காய்ச்சுகிற நேரத்தை மட்டும் மாற்றினால்?

மறுநாளே செய்து பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்குப் போட்டு, தானாக நின்றதும் சுவிட்சை அணைத்தேன். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் கை சுட்டது. அப்பா குளித்துவிட்டு வந்து, "இது நேத்து வெயிலா? பரவாயில்லையே" என்றார். சாரதம்மாவிடம் சொன்னேன். அவர் வீட்டு கீசர் பழசு, வெதுவெதுப்பாகத்தான் வந்தது, கொஞ்சம் முணுமுணுத்தார், ஆனாலும் விடவில்லை. அவரே போய் எதிர் வீட்டில் சொன்னார், அவர்கள் மேல் வீட்டில் சொன்னார்கள். பெட்டி இல்லை, சர்வர் இல்லை, யாரும் யாரையும் அணைக்கவில்லை. மதியம் வீட்டில் இருக்கிறவர்கள் போடுகிறார்கள். இல்லாதவர்கள் சாவியை சாரதம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நினைத்துப் பார், வெளியூரிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கிற அந்த மூன்றாவது மாடி ஜோடி, ஒருவரிடமும் பேசாதவர்கள், அவர்களும் சாவி கொடுக்கிறார்கள். நம் கட்டடத்துக் காலை நேரச் சுமை இறங்கியிருக்கிறது. மீட்டர் ரூமில் நானே போய் நின்று பார்த்தேன், இந்த வயதில் டார்ச் லைட்டோடு. ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நடக்கிறது. யாராவது தூண்டிக்கொண்டே இருந்தால்தான் நடக்குமா, தன் காலிலேயே நிற்குமா என்று பார்க்கத்தான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. நான் அவ்வளவு ஏமாளி இல்லை. மழைக் காலத்தில் ஒரு வாரம் மூடிக்கிடந்தபோது மதியம் காய்ச்சுவதில் ஒரு லாபமும் இல்லை. போடவேண்டாம் என்று நான்தான் ஓடி ஓடிச் சொன்னேன். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது, அவர்களுக்கு நாள் முழுக்க வெந்நீர் வேண்டும், விட்டுவிட்டார்கள். இன்னொரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டையில் கீசரும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. ஆறிப்போகிற சூடும் நஷ்டம்தான், எந்த டாங்க்கில் எவ்வளவு ஆறுகிறது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. வெயில் நேரத்து மின்சாரத்துக்குக் கட்டணம் குறைத்தால் இன்னும் எத்தனை பேர் வருவார்கள், நாளைக்கு மேகம் என்று முந்தின நாளே எப்படி எல்லா வீட்டுக்கும் சொல்வது, லட்சம் வீடுகள் ஒரே இரண்டு மணிக்குப் போட்டால் மதியத்தில் ஒரு புது மலை கிளம்புமா, சாரதம்மா இல்லாத கட்டடத்தில் சாரதம்மாவுக்குப் பதில் யார், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததைத்தானே ஆராய்ச்சி என்கிறீர்கள்? உன் இன்வெர்ட்டரும் மேகமும் பேட்டரியும் முன்னால் நிற்கட்டும். கூடவே இதையும் நிறுத்து. நீ அன்றைக்குத் தோற்றதை அப்படியே சொல், எண்ணெய்த் தலையோடு சொல். பொத்தானைக் கொடுத்துவிட்டு வழக்கத்தைக் கேட்காமல் போனோம் என்று சொல். எல்லாரையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டதால் மெயின் போனது என்பதையும் சொல், அது வேறு எந்த ஊரிலும் யாரும் மறுபடி செய்யாமல் இருக்க உதவும். அந்தக் குழுவில் இன்வெர்ட்டரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் வருவார்கள். இதைப் பேச உன்னைத் தவிர யாருக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும்?

டெல்லியில் குளிர் இங்கே மாதிரி விளையாட்டு இல்லை, தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே. அங்கே கீசர் போடுகிறபோது என்னை நினைத்துக்கொள். புதிதாகப் போகிற இடத்தில் பெரியவர்கள் எதிரில் ஒன்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடு, நான் சொல்லாமல் தவித்ததெல்லாம் போதும். உன் கோபம் எனக்குப் பிடிக்கும், அது அப்பாவிடமிருந்து வந்தது. உன் வெட்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அது என்னிடமிருந்து வந்தது. ஒரே ஒரு காலை தப்பாகப் போனதற்காக ஒரு கட்டடம் முழுக்க உனக்கு அந்நியமாகிவிட்டதாக நினைக்கிறாய். இங்கே கேட்டுப் பார், சாரதம்மா உன்னைப் பற்றிப் பேசும்போது "நம்ம பையன்" என்றுதான் சொல்கிறார். இந்த வருஷம் நீரு தும்போ ஹப்பா அன்று மதியம் எல்லாரும் ஒன்றாக கீசர் போடக்கூடாது, மாடிக்கு அரைமணி நேரம் என்று அவர்தான் முறை வைத்திருக்கிறார். "ஒண்ணொண்ணா விடணும், அல்லாட்டி பியூஸ் போகும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறார்.

நம் தளத்துக்கு மூன்று மணி. நான் முதலில் நம் குளியலறையில் போடுவேன். அப்புறம் உன் அறையை ஒட்டிய சின்னக் குளியலறையிலும் போடுவேன். முப்பது வருஷம் கேட்பவர் இல்லாமல் ஒரு யூனிட்கூட நான் கொடுத்தது கிடையாது, கேட்பதும் கொடுப்பதும் சமமாக இருக்கவேண்டும் என்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். அன்றைக்கு மட்டும் கணக்குப் பார்க்கப்போவதில்லை. டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று பார். எண்ணெய் காய்ச்சி வைத்திருப்பேன், நாலு மணிக்கு எழுப்புவேன், லேப்டாப் கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துவிடுவேன். நீ வந்தால் நேற்றைய வெயிலில் நீ குளிப்பாய். வராவிட்டாலும் அந்தத் தண்ணீர் வீணாகாது, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் இரண்டு தரம் குளிப்பார்.

அம்மா